இரண்டு 'டிக்'குக்கு நடுவே

"கீங்... கீங்... கீங்..."

ரேடார் அறையின் எச்சரிக்கை மணி அலறியது. அறையில் இருந்த அத்தனை பேரும் ஒரே நேரத்தில் தலையைத் திருப்பினார்கள். சத்தம் வந்தது சிப்ஸின் மேசையிலிருந்து. அவன் திரையில் இரண்டு பச்சைப் புள்ளிகள் சிவப்பாக மாறி, ஒன்றை நோக்கி ஒன்று ஊர்ந்துகொண்டிருந்தன. இரண்டும் விமானங்கள். இரண்டிலும் சீட் பெல்ட்டை மாட்டிக்கொண்டு, இறங்கியதும் யாருக்கு முதலில் போன் பண்ணலாம் என்று யோசித்தபடி மனிதர்கள்.

"மேகம் முப்பத்தொண்ணு, வலது பக்கம் திரும்புங்க! உடனே! இப்பவே!" என்று ஹெட்செட்டில் கத்தினான் சிப்ஸ்.

சிவப்புப் புள்ளிகளில் ஒன்று மெல்ல முகம் திருப்பியது. இடைவெளி விரிந்தது. மணி நின்றது. சிப்ஸ் சட்டைக் கையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டான். எந்நேரமும் உருளைக்கிழங்கு சிப்ஸ் பாக்கெட்டோடு இருப்பவன் என்பதால் அந்தப் பெயர். அந்தப் பாக்கெட் இப்போது கீழே கிடந்தது.

"என்னடா ஆச்சு?" என்று கேட்டாள் பக்கத்து மேசை ரிபீட் அக்கா.

"மேகம் கம்பெனி விமானத்தைத் திரும்பச் சொன்னேன்க்கா. டிக்-டிக்குன்னு பதில் வந்துச்சு. சரி, கேட்டாச்சுன்னு அடுத்தவனைப் பார்த்தேன். டிக்-டிக்குனது வேற எவனோ. மேகத்துக்கு நான் சொன்னதே காதுல விழலை."

"எத்தனை தடவைடா சொல்றது? டிக்குக்கு முகம் இருக்கா? குரல் இருக்கா? எவன் தட்டினாலும் ஒரே சத்தம்தான்."

"தெரியும்க்கா. சாயங்கால நெரிசல்ல ஒவ்வொருத்தன்கிட்டயும் பாட்டு ஒப்பிக்கச் சொல்லிட்டிருக்க முடியுமா?"

விஷயம் இதுதான். விமானி பேசுவதற்கு ஒரு பட்டனை அழுத்த வேண்டும். அழுத்தினால் ஒரு 'டிக்', விட்டால் ஒரு 'டிக்'; சட்டென்று தட்டினால் இரண்டும் ஒட்டி ஒரே 'டிக்'. தரையிலிருந்து என்ன சொன்னாலும் அதை முழுசாகத் திருப்பிச் சொல்ல வேண்டும் என்பது விதி. 'நாலாயிரம் அடிக்கு இறங்கு' என்றால், 'நாலாயிரம் அடிக்கு இறங்குகிறேன்' என்று சொல்லியாக வேண்டும். ஆனால், ஒரு நாளைக்கு நூறு தடவை இதைச் சொல்லி அலுத்துப்போன சில விமானிகள், வாயைத் திறக்காமல் பட்டனை இரண்டு தடவை படபடவென்று தட்டிவிடுவார்கள். டிக்-டிக். சரிம்மா, புரிஞ்சுது, ஆளை விடு என்று அர்த்தம். தரையில் இருப்பவர்களும் தலையாட்டிவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பார்கள்.

ரிபீட் அக்கா மட்டும் தலையாட்ட மாட்டாள். "திருப்பிச் சொல்லுங்க" என்பாள். சொல்லும்வரை விட மாட்டாள். அந்தப் பட்டப்பெயரை வைத்தது சிப்ஸ். இப்போது விமானிகள் மத்தியிலும் அதுதான் அவள் பெயர்.

வீட்டிலும் இதே கதைதான். அவள் கணவர் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். 'வரும்போது தலைவலி மாத்திரை வாங்கிட்டு வாங்க' என்று செய்தி அனுப்பினால், அவர் ஒரு கட்டைவிரல் படத்தை அனுப்புவார். அடுத்த நிமிடம் அவருடைய போன் அடிக்கும். "கட்டைவிரல் எல்லாம் வேண்டாம். என்ன வாங்கச் சொன்னேன்?" மனுஷர் கடையில் வாடிக்கையாளர்கள் முன்னால், "தலைவலி மாத்திரை வாங்கிட்டு வரேன்" என்று ஒப்பிப்பார். மகள் கேலி செய்வாள்: "ஏம்ப்பா, அம்மாவைக் காதலிக்கிறேன்னு நீங்க சொன்னப்பவும் திருப்பிச் சொல்லச் சொன்னாங்களா?"

"சொன்னா. திருப்பிச் சொன்னேன். அதான் மாட்டிக்கிட்டேன்" என்பார் அவர்.

அறைக்கதவு படாரென்று திறந்தது. மணிச் சத்தம் கேட்டு மேனேஜர் ஓடி வந்தார். சிப்ஸின் திரையைப் பார்த்தார். ஆபத்து விலகிவிட்டது என்று தெரிந்ததும் நிம்மதியாக மூச்சு விட்டார். சிப்ஸுக்கு நல்ல டோஸ் விழப்போகிறது என்று எல்லோரும் காத்திருக்க, அவர் நேராக ரிபீட் அக்கா பக்கம் திரும்பினார்.

"ஏம்மா, இதுக்கெல்லாம் மூலகாரணம் நீங்கதான், தெரியுமா?"

"நானா? சார், மணி அடிச்சது அவன் மேசையில."

"நீங்க ஒவ்வொருத்தரையும் திருப்பிச் சொல்லச் சொல்லி நிறுத்தி வைக்கறீங்க. உங்க வரிசை நீளுது. நீளுற வரிசை இவன் பக்கம் வழியுது. இவனுக்கு மணி அடிக்குது."

"டிக்கை நம்பினதாலதான் சார் அடிச்சுது."

"வாய் பேசாதீங்க. உங்க மேல இந்த மாசம் மூணாவது புகார் வந்திருக்கு. அதே கேப்டன். நாரை கம்பெனிக்காரர்."

"டிக்-டிக் கேப்டனா?" என்று சிப்ஸ் குறுக்கே விழுந்தான்.

"நீ வாயை மூடு. 'இருபத்தஞ்சு வருஷமா விமானம் ஓட்டறேன், நான் ஒண்ணும் பள்ளிக்கூடப் பையன் இல்லை'ன்னு சொல்றாரும்மா."

"பள்ளிக்கூடப் பையனா இருந்தா முதல் தடவையே ஒழுங்கா ஒப்பிச்சிருப்பான் சார்."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். மேனேஜர் சிரிக்கவில்லை. நாற்காலியின் முதுகில் கையை வைத்துக் குனிந்து, அவளுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார்.

"இங்க பாருங்கம்மா. உங்க வேலையில நான் குறை சொல்லலை. ஆனா எனக்கும் மேல ஆள் இருக்காங்க. இன்னும் ஒரே ஒரு புகார். வந்துச்சுன்னா நாளைக்கே உங்களைக் கீழே ரெக்கார்டு ரூமுக்கு மாத்திடுவேன். அப்புறம் இந்த நாற்காலி உங்களுக்கு இல்லை."

ரிபீட் அக்கா நாற்காலியின் கைப்பிடியைத் தடவினாள். பதினெட்டு வருஷமாக உட்கார்ந்திருக்கிற நாற்காலி. இடது கைப்பிடியில் பஞ்சு வெளியே வந்து, டேப் ஒட்டி வைத்திருந்தாள். புது நாற்காலி தருகிறோம் என்றபோதும் வேண்டாம் என்றவள். கீழே ரெக்கார்டு ரூமில் பழைய ஒலிப்பதிவுகளை எண் போட்டு அடுக்குகிற வேலை. எல்லாம் நடந்து முடிந்த பேச்சு. அங்கே யாரும் யாரையும் காப்பாற்ற முடியாது.

"சரி சார்" என்றாள்.

"நானும் பக்கத்துலயே உட்கார்றேன். இன்னிக்கு எப்படிப் போகுதுன்னு பார்க்கலாம்." மேனேஜர் இன்னொரு ஹெட்செட்டை எடுத்து அவள் மேசையில் செருகிக்கொண்டார்.

சாயங்கால நெரிசல் ஆரம்பித்தது. வெளியே மேகம் தாழ்ந்திருந்தது என்பது அந்த ஜன்னலில்லாத அறையில் திரையின் ஓரத்து எழுத்துகளிலிருந்துதான் தெரியும். புள்ளிகள் ஒவ்வொன்றாய் வந்து சேர்ந்தன. ஒவ்வொரு புள்ளியின் பக்கத்திலும் ஒரு சின்ன அட்டை: பெயர், உயரம், வேகம். ஒற்றை ஓடுபாதைக்கு எல்லாவற்றையும் ஊசியில் நூல் கோர்ப்பது போல அவள் கோர்க்க வேண்டும்.

"நாரை அம்பத்திரெண்டு, எட்டாயிரம் அடி. யாரு... ரிபீட் மேடமா? நமஸ்காரம்" என்று ஒரு குரல் வந்தது. அந்தக் கடைசி வார்த்தையில் இருந்த குத்தல் மேனேஜருக்கே புரிந்தது.

டிக்-டிக் கேப்டன்!

சிப்ஸ் கண்ணை மூடிக்கொண்டான். மேனேஜர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"வணக்கம் நாரை அம்பத்திரெண்டு. ஆறாயிரத்துக்கு இறங்குங்க."

டிக்-டிக். படபடவென்று இரண்டு தட்டு.

ரிபீட் அக்கா ஒரு விநாடி மேனேஜரைப் பார்த்தாள். அவர் கூரையைப் பார்த்தார்.

"நாரை அம்பத்திரெண்டு, திருப்பிச் சொல்லுங்க."

ஒரு பெருமூச்சு கேட்டது. "ஆறாயிரத்துக்கு இறங்கறேன். நாரை. அம்பத்தி. ரெண்டு." ஒவ்வொரு வார்த்தையும் தனித்தனியாகக் கல் மாதிரி வந்து விழுந்தது.

"நன்றி" என்றாள் அவள். சிப்ஸ் தன் பக்கத்திலிருந்து கட்டைவிரலை உயர்த்திக் காட்டினான்.

அடுத்து சிட்டு ஒன்பது, மேகம் பன்னிரண்டு, இன்னும் இரண்டு பேர். எல்லோருக்கும் வழி சொல்லிவிட்டு மறுபடி நாரைக்கு வந்தாள்.

"நாரை அம்பத்திரெண்டு, இடது பக்கம் திரும்புங்க, நாலாயிரத்துக்கு இறங்குங்க."

டிக்.

மௌனம்.

டிக்.

"நாரை அம்பத்திரெண்டு, திருப்பிச் சொல்லுங்க."

டிக்.

நீண்ட மௌனம். முன்னதைவிட நீளம்.

டிக்.

"விடுங்கம்மா" என்றார் மேனேஜர், ஹெட்செட்டை ஒரு காதிலிருந்து நகர்த்திவிட்டு. "திரையைப் பாருங்க. நீங்க சொன்ன மாதிரிதானே திரும்பறார், இறங்கறார்? செய்யறாரில்ல? அப்புறம் எதுக்கு வம்பு?"

"அக்கா, உங்களை வெறுப்பேத்தறார்க்கா. நிதானமா, ரசிச்சு ரசிச்சுத் தட்டறார். இதுக்கு மேல கேட்டீங்கன்னா நாலாவது புகார் ரெடி" என்றான் சிப்ஸ்.

அவளுக்கு முகம் சூடேறியது. எத்தனை கொழுப்பு இந்த மனுஷனுக்கு! விட்டுவிடலாம். விமானம் சொன்னபடி போகிறது. நாளைக்கும் இதே நாற்காலி, இதே டேப் ஒட்டிய கைப்பிடி. ஒரே ஒரு தடவை தலையாட்டினால் போதும்.

ஆனால் காதில் ஏதோ உறுத்தியது.

கிண்டல் பண்ணுகிறவன் டிக்-டிக்கென்று சட்டென்று தட்டிவிட்டுப் போவான். இவர் எப்போதும் அப்படித்தான் தட்டுவார். சற்று முன்புகூட அப்படித்தான் தட்டினார். இப்போது இரண்டு டிக்குக்கும் நடுவே இவ்வளவு இடைவெளி எதற்கு? அது மட்டுமில்லை. அலைவரிசையில் யாரும் பேசாதபோது ஒரு மெல்லிய இரைச்சல் கேட்டுக்கொண்டே இருக்கும், மழை தூறுகிற மாதிரி. முதல் டிக்குக்கும் இரண்டாவது டிக்குக்கும் நடுவே அந்த இரைச்சல் சுத்தமாக அடங்கிவிட்டது. பட்டனை யாரோ அழுத்திப் பிடித்திருந்தால்தான் அப்படி அடங்கும்.

அழுத்திப் பிடித்துக்கொண்டு என்ன செய்வார் ஒரு மனுஷர்?

பேசுவார்.

"சார்... இவர் தட்டலை. பேசறார்!"

"என்ன?"

அவள் அதற்குள் பட்டனை அழுத்திவிட்டாள். "நாரை அம்பத்திரெண்டு, கவனமா கேளுங்க. உங்க பட்டன் வேலை செய்யுது, குரல் வரலை. நீங்க பேசற ஒரு வார்த்தைகூட இங்க கேட்கலை. நான் சொல்றது உங்களுக்குக் கேட்டா, பட்டனை ஒரே ஒரு தடவை தட்டுங்க."

அறையில் இருந்த அனைவரும் மூச்சைப் பிடித்தார்கள்.

டிக்.

சிப்ஸின் வாய் திறந்தபடியே நின்றது. மேனேஜர் ஹெட்செட்டை இழுத்துக் காதில் நன்றாக மாட்டிக்கொண்டார்.

"நல்லது. இனிமே ஆமான்னா ஒரு தட்டு, இல்லைன்னா ரெண்டு தட்டு. வேற மைக்கை மாத்திப் பார்த்தீங்களா?"

சற்று நேரம் கழித்து, டிக்.

"அதுலயும் குரல் வரலை. உள்ளே வேற ஏதாவது பிரச்சினை இருக்கா?"

பதில் உடனே வரவில்லை. மழைத்தூறல் இரைச்சல் மட்டும். பிறகு, டிக். உடனே கேட்காமலேயே டிக் டிக் டிக் டிக் என்று ஒரு படபடப்பு.

"புகையா?"

டிக்.

மேனேஜர் எழுந்தே விட்டார். "டவருக்கு சொல்லு! தீயணைப்பு வண்டி! ஓடுபாதையைக் காலி பண்ணச் சொல்லு!" என்று சிப்ஸை நோக்கிக் கத்தினார். சிப்ஸ் ஏற்கெனவே இன்டர்காமை எடுத்திருந்தான்.

"நாரை அம்பத்திரெண்டு, நேரா ஓடுபாதைக்குக் கொண்டு வரேன். உங்களுக்கு முன்னால யாரும் இல்லாம பார்த்துக்கறேன். சிட்டு ஒன்பது, நீங்க வரிசையிலிருந்து விலகுங்க, வலது பக்கம் திரும்பி அங்கேயே வட்டமடிங்க." அவள் குரலில் ஒரு நடுக்கமும் இல்லை. மேசைக்கு அடியில் இடது கை மட்டும் நாற்காலியின் கைப்பிடியை இறுக்கிப் பிடித்திருந்தது.

அப்போதுதான் அது நடந்தது. நாரையின் புள்ளிக்குப் பக்கத்தில் இருந்த அட்டை மறைந்தது. பெயர் இல்லை, வேகம் இல்லை, உயரம் இல்லை. வெறும் புள்ளி.

"கரண்ட்டை அணைச்சிருக்காங்க. எது புகையுதுன்னு தெரியாம ஒவ்வொண்ணா அணைக்கறாங்க. அதுல உயரத்தை நமக்கு அனுப்புற கருவியும் போயிடுச்சு" என்றார் மேனேஜர். அவருக்கு வியர்த்திருந்தது. "எந்த உயரத்துல இருக்கார்னு இனிமே நமக்குத் தெரியாதும்மா."

அது சாதாரண விஷயமில்லை. நாரையின் பாதைக்குக் கீழே, ஓடுபாதைக்கு முன்னால், ஒரு குன்றுத்தொடர் இருந்தது. மேகம் அதன் தலையை மூடியிருந்தது. மூவாயிரத்துக்குக் கீழே வந்தால் குன்று. ரொம்ப உயரத்திலேயே வந்தால் ஓடுபாதையில் இறங்க முடியாது, இன்னொரு சுற்றுப் போக வேண்டும். புகையோடு இன்னொரு சுற்றா?

"நாரை அம்பத்திரெண்டு, உங்க உயரம் இங்க தெரியலை. ஆயிரம் அடிக்கு ஒரு தட்டு தட்டுங்க. எத்தனை ஆயிரமோ அத்தனை தட்டு."

டிக். டிக். டிக்-டிக். டிக்.

"அஞ்சு!" என்றான் சிப்ஸ். "அஞ்சாயிரம். உயரமா இருக்கார்க்கா. இறக்குங்க, சீக்கிரம் இறக்குங்க!"

அவள் பட்டன்மேல் வைத்த விரல் அப்படியே நின்றது. ஒன்று, இரண்டு, பிறகு படபடவென்று இரட்டையாக ஒன்று, அப்புறம் இன்னொன்று. எண்ணுகிற மனுஷன் நடுவில் ஏன் தாளத்தை மாற்ற வேண்டும்?

"நடுவுல தட்டினது யாரு?" என்று அலைவரிசையில் கேட்டாள். அந்தக் குரலைக் கேட்டிருந்தால் கண்ணாடிக் கடையில் அவள் கணவர் எழுந்து நின்றிருப்பார்.

கடைசியாக உத்தரவு வாங்கிய விமானம் அவளுக்கு நினைவு வந்தது.

"சிட்டு ஒன்பதா?"

"...ஆமா மேடம். வலது பக்கம் திரும்பச் சொன்னீங்கள்ல, அதுக்குப் பதிலா... பழக்க தோஷம். மன்னிச்சுக்கங்க."

"எல்லாரும் கேளுங்க. ஒரு விமானத்துல புகை. அவங்களால பேச முடியாது, தட்ட மட்டும்தான் முடியும். அதனால இந்த அலைவரிசையில இனிமே தட்டுற உரிமை நாரை அம்பத்திரெண்டுக்கு மட்டும்தான். மத்தவங்க நான் கூப்பிட்டா மட்டும் வாயைத் திறந்து முழுசா பேசுங்க. இல்லைன்னா பட்டன் பக்கம் விரலே போகக் கூடாது. நாரை, மறுபடியும் எண்ணுங்க."

டிக். டிக். டிக்.

மூன்று.

சிப்ஸின் முகத்தில் ரத்தமே இல்லை. மூவாயிரம்! புகையின் அவசரத்தில் அவராகவே நாலாயிரத்துக்கும் கீழே இறங்கியிருந்தார். அவன் சொன்னபடி இறக்கியிருந்தால் மேகத்துக்குள் ஒளிந்திருந்த குன்று நேரே காத்திருந்திருக்கும்.

"நாரை, மூவாயிரத்தைப் பிடிச்சுக்கங்க. ஒரு அடிகூட இறங்காதீங்க. கீழே குன்று. அதைத் தாண்டினதும் நான் சொல்றேன். புரிஞ்சுதா?"

டிக்.

புள்ளி நகர்ந்தது. ஊர்ந்தது என்றுதான் சொல்ல வேண்டும். குன்றைக் குறிக்கும் பழுப்புக் கோட்டின் மேல் ஏறியது. அதன் மேலேயே நின்றுவிட்டது போலத் தோன்றியது. மேனேஜர் தன்னையறியாமல் அவள் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டிருந்தார். சிப்ஸ் திரையை விரலால் தள்ளப் போனான், ஏதோ அதனால் விமானம் வேகமாகப் போகும் என்பது போல.

புள்ளி கோட்டைத் தாண்டியது.

"தாண்டியாச்சு நாரை! இப்ப இறங்குங்க. கொஞ்சம் வலது. இன்னும் கொஞ்சம். போதும், அப்படியே நேரா. ஓடுபாதை உங்களுக்கு நேர் முன்னால. தெரியுதா?"

டிக்-டிக். இல்லை.

"பரவாயில்லை. மேகம் இன்னும் கொஞ்சம்தான். இதே திசை, இதே இறக்கம். நான் இங்கேதான் இருக்கேன். இப்ப தெரியுதா?"

டிக்-டிக்.

"இதே திசை. அலையாதீங்க. விளக்குகளை எல்லாம் முழு வெளிச்சத்துல போடச் சொல்லியிருக்கேன். இப்ப..."

அவள் கேள்வியை முடிக்கவில்லை.

டிக்!

அந்த ஒற்றைத் தட்டில் இருந்த சந்தோஷத்தை எந்தக் குரலும் சொல்லியிருக்க முடியாது.

"இறங்குங்க கேப்டன். ஓடுபாதை முழுக்க உங்களுக்குத்தான்" என்றாள் அவள்.

இன்டர்காமில் டவரிலிருந்து ஒருவர் பேசிக்கொண்டே இருந்தார். மேல் மாடியில் கண்ணாடிச் சுவருக்குப் பின்னால் நிற்பவர் அவர். இந்த அறைக்கு அவர்தான் கண். "மேகத்துலேர்ந்து வெளியே வந்துட்டார்... நேரா வரார்... அருமையா வரார்... சக்கரம் தொட்டுடுச்சு! தொட்டுடுச்சு! நின்னுட்டார்! வண்டிங்க போகுது. கதவு திறக்குது. சறுக்கு விரிஞ்சுடுச்சு. ஆளுங்க சறுக்கி வராங்க. ஒருத்தர்... பத்து... அட, ஒரு அம்மா கைப்பையை விடாம சறுக்கறாங்க! எல்லாரும் நடக்கறாங்க. எல்லாரும் நல்லா இருக்காங்க!"

அறையே ஆரவாரத்தில் அதிர்ந்தது. மேசை தட்டல், விசில், கைதட்டல். எப்போதும் கிசுகிசுப்பாகவே பேச வேண்டிய அந்த அறையில் அப்படி ஒரு கூச்சல் அதுவரை கேட்டதில்லை. யாரோ சிப்ஸைக் கட்டிப்பிடித்தார்கள். சிப்ஸ் ரிபீட் அக்காவைக் கட்டிப்பிடிக்க வந்தான். அவள் ஒரு கையால் அவனைத் தள்ளினாள்.

"வானத்துல இன்னும் அஞ்சு பேர் சுத்தறாங்கடா. தள்ளு." பட்டனை அழுத்தினாள். "நாரை அம்பத்திரெண்டு பத்திரமா இறங்கியாச்சு. எல்லாரும் நலம். ஒத்துழைச்ச எல்லாருக்கும் நன்றி. சிட்டு ஒன்பது, இடது பக்கம் திரும்புங்க, வரிசைக்கு வாங்க."

"இடது பக்கம் திரும்பறேன், வரிசைக்கு வரேன், சிட்டு ஒன்பது!" என்றது ஒரு கணீர்க் குரல். பரேடு மைதானத்தில் சல்யூட் அடிக்கிற மாதிரி. "மேடம், இன்னொண்ணு சொல்லலாமா?"

"சொல்லுங்க."

"சபாஷ்!"

அடுத்தடுத்து மேகம் பன்னிரண்டு, இன்னும் மூன்று பேர். ஒருவர்கூடத் தட்டவில்லை. அத்தனை பேரும் முழுசாக, தெளிவாக, ஒரு எழுத்து விடாமல் ஒப்பித்தார்கள். அவ்வளவு பேசியும் அன்றைய வரிசை ஐந்து நிமிடத்தில் ஒழுங்கானதுதான் வேடிக்கை. மேனேஜர் அதைக் கடிகாரத்தைப் பார்த்துக் கவனித்தார்.

மாற்று ஆள் வந்த பிறகுதான் அவள் நாற்காலியை விட்டு எழுந்தாள். சிப்ஸ் ஒரு கோப்பைத் தண்ணீரை நீட்டினான். அவன் கண் கலங்கியிருந்தது.

"அக்கா, அஞ்சுன்னு நான் சொன்னதை நீங்க கேட்டிருந்தா..."

"கேட்கலை இல்ல? விடு."

"எப்படிக்கா கண்டுபிடிச்சீங்க, பேசறார்னு?"

"இத்தனை வருஷமா ஒவ்வொருத்தரையும் திருப்பிச் சொல்ல வெச்சிருக்கேன்டா. ஒரு ஆள் முழு வாக்கியம் சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்னு என் காதுக்குத் தெரியாதா?"

மேனேஜர் தொண்டையைச் செருமிக்கொண்டு வந்தார். எங்கே கையை வைப்பது என்று தெரியாமல் பாக்கெட்டில் வைத்து, எடுத்து, மறுபடி வைத்தார்.

"அம்மா... அந்த ரெக்கார்டு ரூம் விஷயம்..."

"சொல்லுங்க சார்."

"அங்க வேற ஆளைப் பார்த்துக்கறேன். இந்த நாற்காலியிலேர்ந்து உங்களை எழுப்பணும்னா முதல்ல என்னை எழுப்பட்டும். அப்புறம், நாளையிலேர்ந்து இந்த அறையில எந்த மேசையிலயும் டிக்கு செல்லாது. எல்லாரும் திருப்பிச் சொல்லணும். இது என் உத்தரவு."

"திருப்பிச் சொல்லுங்க சார்" என்றான் சிப்ஸ்.

மேனேஜர் அவனை முறைத்தார். பிறகு அறையே சிரிக்க, அவரும் சிரித்துவிட்டு, ஒரு வார்த்தை விடாமல் அப்படியே திருப்பிச் சொன்னார்.

அப்போது சுவரோரத்துப் போன் அடித்தது. எடுத்த சிப்ஸ் கண்ணை விரித்து, வாயைப் பொத்தி, ரிபீட் அக்காவிடம் நீட்டினான். "அவரேதான்க்கா!" என்று உதட்டை அசைத்துவிட்டு, எல்லோருக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரைத் தட்டிவிட்டான்.

"மேடம், நான்தான்... நாரை அம்பத்திரெண்டு." புகையில் கரகரத்த குரல். பின்னால் ஆம்புலன்ஸ் ஒலி. "எல்லாரும் பத்திரம். என் கோ-பைலட்டுக்குக் கொஞ்சம் இருமல், அவ்வளவுதான். எங்க பேச்சை ரேடியோவுக்குக் கொண்டு சேர்க்கற பெட்டிதான் முதல்ல கருகியிருக்கு. எங்க குரல் எங்க காதுல கேட்டுக்கிட்டே இருந்துச்சு. உங்களுக்குக் கேட்கலைன்னு எங்களுக்குத் தெரியவே தெரியாது. நீங்க சொல்லித்தான் தெரியும். அதுக்கப்புறம்தான் கருகற வாசனை வருதான்னு மோந்து பார்த்தோம், பேனலைத் திறந்தோம். இன்னும் கொஞ்சம் தாமதமாகியிருந்தா..." குரல் நின்றது. "எத்தனை குடும்பம் இன்னிக்கு வீட்டுக்குப் போகுது தெரியுமா மேடம்?"

"உங்க வீட்டுக்கும் போன் பண்ணிடுங்க கேப்டன். டிவியில பார்த்துப் பயந்துடப் போறாங்க."

"பண்ணிட்டேன். அந்தப் புகாரை எல்லாம் நான் வாபஸ் வாங்கிக்கறேன். நேர்லயே வந்து சொல்றேன்."

"அது இருக்கட்டும். பாவம், முதல் தடவை அவ்வளவு நேரம் பட்டனைப் பிடிச்சுக்கிட்டு உதவி கேட்டிருக்கீங்க. ரெண்டாவது தடவை அதைவிட அதிக நேரம். எனக்கு ஒண்ணுமே கேட்கலை. நினைச்சாலே மனசு பதறுது. அப்ப என்ன சொன்னீங்க?"

மறுமுனையில் நீண்ட மௌனம். இந்தத் தடவை போன் நன்றாகத்தான் வேலை செய்துகொண்டிருந்தது.

"மேடம்... அப்போ புகையே வரலை மேடம். ரெண்டு தடவையும் அவ்வளவு நேரமா உங்களைத்தான் திட்டிக்கிட்டிருந்தேன்!"